நல்ல சவரக்கத்தி: அரிதான சரக்கைத் தேடும் வழி

ஷேவிங் பிளேடு கேட்டால் பத்துக் கம்பெனிச் சரக்கை எடுத்து மேசைமேல் பரப்பும் நம் கடைகளில், மடக்குச் சவரக்கத்தி ஒன்று வேண்டும் என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை. கேட்பவர்கள் குறைவுதான். ஆனாலும் கேட்கிறார்கள். பழைய முறையில் சவரம் செய்துகொள்ளும் பெரியவர்கள், பிளேடு பட்டால் முகத்தில் பொரிப்பொரியாக வருகிறது என்பவர்கள், புதிதாக இதில் ஆர்வம் கொண்ட இளைஞர்கள் என்று வருகிறார்கள். இவர்கள் விலைக்குப் பேரம் பேசுபவர்கள் அல்லர். தரத்திற்குப் பேரம் பேசுபவர்கள். அவர்கள் கையில் பளபளப்பான மலிவுக் கத்தி ஒன்றைத் திணித்து அனுப்பினால், ஒரே வாரத்தில் திரும்பி வருவார்கள். அதன்பின் சோப்பு வாங்கக்கூட நம் கடைப்படி ஏறமாட்டார்கள். சிறு சரக்கில் போகும் பெயர் பெரிய சரக்கையும் இழுத்துக்கொண்டு போகும் என்பது நாம் அறியாததல்ல.

கத்தரிக்கோல் என்றால் மீரட் என்று சொல்லிவிடலாம். அரிவாள் என்றால் திருப்பாச்சேத்தி. சவரக்கத்திக்கு அவ்வாறு கைகாட்ட நமக்கு ஓர் ஊர் இல்லை. ஆகையால் இந்தச் சரக்கை எப்படி இனம் காண்பது, எங்கே தேடுவது, எதை வாங்கக்கூடாது என்பதை இந்த இதழில் சற்று விரிவாகப் பார்ப்போம்.

ஏன் அரிதாயிற்று?

கில்லெட்டின் பாதுகாப்பு ரேசர் 1903-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. அது வீட்டுச் சவரத்தைப் படிப்படியாகப் பிடித்துக்கொண்டது. நாவிதர் கையிலிருந்த கத்தி மட்டும் அசையாமல் இருந்தது. சுதந்திரத்திற்குப் பிறகு இறக்குமதி உரிமக் கட்டுப்பாடு வந்ததும், வெளிநாட்டுக் கத்தி நம் சந்தைக்குத் தாராளமாக வருவது நின்றது. இருந்த கத்திகளையே தீட்டித் தீட்டி, அப்பா கையிலிருந்து மகன் கைக்கு மாற்றி, தொழில் ஓடியது.

அடுத்த அடி நோய் வழியாக வந்தது. இந்தியாவில் எச்.ஐ.வி. கிருமி முதன்முதலாக 1986-இல் சென்னையில்தான் கண்டறியப்பட்டது. ஒருவர் முகத்தில் பட்ட கத்தியை இன்னொருவர் முகத்தில் வைக்கலாமா என்ற கேள்வி சலூனுக்குள் நுழைந்தது. நியாயமான கேள்விதான். அதன்பின் பாதியாக ஒடித்த பிளேடைச் செருகும் பிடிக்கத்தி எங்கும் பரவியது. ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் புது பிளேடு என்பது வழக்கமாயிற்று.

நுகர்பொருள் இறக்குமதிக்கு இருந்த அளவுக் கட்டுப்பாடுகள் பெரும்பாலும் 1.4.2001-இல் நீங்கியபோது, கதவு திறந்தது. ஆனால் வாங்குகிறவர்கள் அதற்கு முன்பே கலைந்து போயிருந்தார்கள். இறக்குமதி செய்ய எந்த மொத்த வியாபாரியும் முன்வராததற்குக் காரணம் இதுவே. சரக்கு கிடைக்காததால் கேட்பாரில்லை, கேட்பாரில்லாததால் சரக்கு வருவதில்லை. இந்த வட்டத்தை உடைக்கப் பெரிய முதல் வேண்டியதில்லை. சரக்கறிவு வேண்டும்.

எங்கிருந்து வரும் சரக்கு?

உலகில் சவரக்கத்திக்கென்று பெயர்பெற்ற ஊர்கள் மூன்று: ஜெர்மனியில் சோலிங்கன், இங்கிலாந்தில் ஷெஃபீல்டு, பிரான்சில் தியெர். இவற்றில் ஷெஃபீல்டில் பெரிய அளவிலான சவரக்கத்தி உற்பத்தி ஓய்ந்துவிட்டது. அந்தப் பெயரில் இன்று கைக்குக் கிடைப்பது அநேகமாகப் பழைய சரக்கே. தியெரில், 1884-இல் தொடங்கிய தியெர்-இஸார் நிறுவனத்தின் பெயர் இத்தொழிலில் எல்லாரும் அறிந்தது. சோலிங்கனில் 1869-இல் தோன்றிய பாக்கர், 1906-இல் தோன்றிய டோவோ ஆகியவை முக்கியமானவை. டோவோ 2020-இல் கடனில் நொடித்து, கைமாறிப் பிழைத்தது. உலகப் பெயர் பெற்ற உற்பத்தியாளருக்கே இந்த நிலை என்றால், இந்தச் சந்தை எவ்வளவு சிறியது என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம். இந்த ஊர்களின் புதுக்கத்தி நூறு யூரோவுக்குக் கீழே கிடைப்பது அரிது. அதனுடன் சரக்குக் கட்டணம், சுங்கம், வரி எல்லாம் சேரும். எனவே சில நூறு ரூபாய்க்குப் "புது சோலிங்கன்" என்று ஒருவர் கொண்டுவந்தால், விலையைக் கேட்டவுடனேயே நாம் விழித்துக்கொள்ள வேண்டும்.

சோலிங்கன் என்ற பெயருக்கு அந்நாட்டில் சட்டக் காப்பு உண்டு. 1938-இல் தனிச் சட்டமே போட்டார்கள். 1994-இல் அதைப் புதுப்பித்தார்கள். முக்கியமான வேலைகள் அனைத்தும் அந்த ஊர்த் தொழில் வட்டாரத்துக்குள் நடந்தால்தான் அப்பெயரைப் பொறிக்கலாம். ஓர் ஊரின் பெயரைக் காக்க அவர்கள் காட்டிய அக்கறை நம் ஊர்ச் சரக்குகள் பலவற்றுக்கு வாய்க்கவில்லையே என்ற ஏக்கம் நமக்கு உண்டு.

ஷெஃபீல்டு உருக்கின் கதையில் நம் நாட்டுக்கும் பங்கு இருக்கிறது. தென்னாட்டு உருக்கு 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் லண்டனுக்குப் போனது. ஆங்கிலேயர் அதை 'வூட்ஸ்' என்றனர். ஸ்டோடார்ட் என்ற கத்தித் தொழிலாளர் அதில் கருவிகள் செய்தார். மின்சார ஆராய்ச்சியால் புகழ்பெற்ற மைக்கேல் ஃபாரடே அவரோடு சேர்ந்து 1820 வாக்கில் உருக்குக் கலவைகளை ஆராய்ந்தார். அந்த உருக்கில் செய்த சவரக்கத்திகளை நண்பர்களுக்குப் பரிசளித்தார். சேலம் இரும்புத் தாதை நம்பி 1830-இல் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கிய ஹீத் என்பவரே பிறகு இங்கிலாந்து திரும்பி, 1839-இல் மாங்கனீசு சேர்த்து உருக்கு வார்க்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். ஷெஃபீல்டுக்காரர்கள் அந்த முறையால் நன்கு பிழைத்தார்கள். இரும்பு இருந்த ஊரில் கத்தித் தொழில் வளரவில்லை. அது வேறு கதை.

கையில் எடுத்துப் பார்ப்பது எப்படி?

பொறித்த பெயரைப் படிப்பதற்கு முன் உருக்கைப் படிக்க வேண்டும். நல்ல சவரக்கத்தி பெரும்பாலும் ஏறத்தாழ ஒரு சதவீதம் கரி சேர்ந்த உருக்கு. ராக்வெல் கடினத்தில் 60-ஐ ஒட்டி இருக்கும். அதற்கு மிகவும் கீழே இறங்கினால் கூர் நிற்காது. மிகவும் மேலே போனால் பொறை விடும். கடையில் இதை அளக்கக் கருவி இருக்காது. ஆனால் வடிவத்தை அளக்கலாம். வடிவத்தில் கவனம் வைக்காதவன் துவைச்சலில் மட்டும் கவனம் வைத்திருப்பான் என்று நம்புவதற்கு இல்லை.

சவரக்கத்தியைத் தீட்டும்போது முதுகும் வெட்டுவாயும் ஒரே நேரத்தில் கல்லில் படும். ஆகவே கூரின் கோணத்தைத் தீர்மானிப்பது தீட்டுபவர் கையல்ல. முதுகின் தடிப்பும் அலகின் அகலமுமே. 19 மி.மீ. அகலத்திற்கு 5 மி.மீ. முதுகு இருந்தால் கோணம் 15 பாகை. இது சரியான அளவு. மலிவுக் கத்திகளில் 16 மி.மீ. அகலத்திற்கு 7 மி.மீ. முதுகு வைத்துவிடுவார்கள். கணக்குப் போட்டால் 25 பாகை வருகிறது. அதைக் காசியில் கொண்டுபோய்த் தீட்டினாலும் முகத்தில் இழுக்கும். முதுகு 3 மி.மீ. என்று மெலிந்திருந்தால் 9 பாகை. முதல் சவரத்திலேயே வாய் பொடிந்துவிடும். வெர்னியர் அளவுகோல் இரும்புக்கடை வைத்திருக்கும் நம் உறுப்பினர் எல்லாரிடமும் உண்டு. இந்த ஒரு சோதனைக்கே பாதிச் சரக்கு கழிந்துபோகும்.

அகலத்தை அங்குலத்தில் எட்டில் ஒரு பங்காகச் சொல்வது தொழில் வழக்கம். ஐந்து என்றால் 5/8 அங்குலம், அதாவது சுமார் 16 மி.மீ.; ஆறு என்றால் 6/8, சுமார் 19 மி.மீ. புதிதாகப் பழகுபவருக்கு இந்த இரண்டுமே போதும்.

அடுத்து, ஒரு கண்ணாடித் தட்டின்மேல் கத்தியைப் படுக்கவைக்க வேண்டும். முதுகும் வாயும் முழு நீளத்திற்கும் படிய வேண்டும். ஒரு மூலையை விரலால் தட்டினால் மறுமூலை எழும்பி 'டக் டக்' என்று ஆடினால், அலகு முறுக்கியிருக்கிறது. சூடேற்றித் துவைக்கும்போது முறுக்கியதை யாரும் பிறகு நேராக்கவில்லை என்று பொருள். வாங்க வேண்டாம். திருப்பி மறுபக்கமும் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பார்த்துவிட்டு டஜன் கணக்கில் எடுப்பது வியாபாரமாகாது.

பிறகு குழிவு. அலகின் இரு பக்கமும் உள்வாங்கிக் குழித்திருக்கும். முற்றிலும் குழித்த அலகு தாள்போல் மெல்லியது. கட்டைவிரல் நகத்தில் வாயை மெல்ல அழுத்தினால் அசைந்து கொடுக்கும், நகத்தால் சுண்டினால் மெல்லிய ஓசை எழும். குழிவு குறைந்த ஆப்பு வடிவக் கத்தி கனமாக இருக்கும். முரட்டுத் தாடிக்கு நல்லது, தீட்டுவது கடினம். இரண்டில் எது உயர்ந்தது என்பதல்ல செய்தி. குழிவு அலகின் நீளம் முழுதும் ஒரே சீராக இருக்கிறதா என்பதே நாம் பார்க்க வேண்டியது. சிறு விட்டச் சக்கரத்தில், தண்ணீர் ஊற்றி, அலகு சூடேறாமல் குழிப்பதுதான் இத்தொழிலின் உயிர். அரிவாள் அடிக்கும் நம் கொல்லர் கைத்திறனில் குறைந்தவர் அல்லர். ஆனாலும் இந்தச் சக்கர வேலை வேறு கலை.

"ஸ்டெயின்லெஸ்" என்று பொறித்திருப்பதாலேயே மட்டமென்று தள்ளவேண்டியதில்லை. ஹென்கெல்ஸ் நிறுவனத்தின் ஃப்ரியோடூர் போன்ற துருப்பிடிக்காத கத்திகள் பெயர் பெற்றவை. ஆனால் எவர்சில்வர் தட்டுபோல் முகம் பார்க்கும் அளவுக்குப் பாலிஷ் ஏற்றி, அலகில் அலை அலையாக அமிலத்தில் கோடுகள் வரைந்து, "டமாஸ்கஸ்" என்று சொல்லி வருவதில் பெரும்பகுதி அலங்காரப் பொருளே. சுவரில் மாட்டலாம்.

பழைய கத்தியும் நியாய விலையும்

நம் பகுதியில் நல்ல கத்தி கிடைக்கும் இடம், உண்மையைச் சொன்னால், துறைமுகம் அல்ல. பழைய நாவிதர் வீட்டு அடைப்பம்தான். சின்ன மரப்பெட்டியிலோ தோல்பையிலோ, கத்தரிக்கோல், நகவெட்டி, கல், கிண்ணம் ஆகியவற்றோடு பாட்டனார் காலத்துக் கத்தி தூங்கிக்கொண்டிருக்கும். பல தலைமுறைக்கு முன் இறங்கிய ஷெஃபீல்டோ சோலிங்கனோ அதில் இருக்கலாம். வால் பகுதியில் உள்ள பொறிப்பைப் பார்த்தால் காலத்தை ஓரளவு கணிக்கலாம். "மேற்கு ஜெர்மனி" என்றிருந்தால் 1949-க்கும் 1990-க்கும் இடைப்பட்டது. மகுடத்தோடு வி.ஆர். என்ற எழுத்துகள் இருந்தால் விக்டோரியா அரசி காலம், அதாவது 1901-க்கு முன். நாட்டின் பெயரைப் பொறிக்கும் வழக்கம், பிரிட்டனின் 1887 சட்டம், அமெரிக்காவின் 1890 சுங்கச் சட்டம் ஆகியவற்றுக்குப் பிறகு பரவியது.

பழைய கத்தியில் எதைப் பொறுக்கலாம், எதைப் பொறுக்கக்கூடாது? முதுகிலும் அலகின் நடுவிலும் துருப்புள்ளி இருந்தால் பாதகமில்லை. வெட்டுவாயை ஒட்டிக் குழிவிழுந்த துரு இருந்தால் விட்டுவிட வேண்டும். கல்லில் வைத்ததும் அங்கே வாய் உதிரும். மயிரிழை விரிசலைப் பூதக்கண்ணாடி வைத்துத் தேட வேண்டும். ஒரே மூலையில் தீட்டித் தீட்டி வாய் உட்பக்கம் வளைந்து போயிருந்தால், சீர்செய்யும் கூலி கத்தி விலையைத் தாண்டும். அலகில் நீலமோ மஞ்சளோ பாய்ந்த நிறம் தென்பட்டால், யாரோ மின்சாணையில் வைத்துச் சூடேற்றியிருக்கிறார்கள். அங்கே துவைச்சல் இறங்கிவிட்டது. அந்த உருக்கு இனி கூர் பிடிக்காது. தெருவில் வரும் சாணைக்காரரிடம் சவரக்கத்தியைக் கொடுக்கக்கூடாது என்பதும் இதனால்தான். அரிவாள்மனைக்கு அவர் தெய்வம்; இதற்கு எமன்.

செல்லுலாய்டு பிடிகளைப் பற்றி ஒரு சொல். பழைய செல்லுலாய்டு சிதையும்போது வெளிவரும் ஆவி உருக்கை அரிக்கும். பிடிக்குள் மடங்கியிருக்கும் பகுதி மட்டும் விசேஷமாகத் துருப்பிடித்திருந்தால் பிடியைச் சந்தேகிக்கலாம். அப்படிப்பட்டதை மற்றக் கத்திகளோடு ஒரே பெட்டியில் அடைத்து வைக்க வேண்டாம்.

விலை விஷயத்திற்கு வருவோம். இத்தகைய கத்தி வைத்திருக்கும் குடும்பங்களுக்கு அதன் வெளிச்சந்தை மதிப்புத் தெரியாது. "பழைய இரும்புதானே" என்று ஐம்பது ரூபாயை நீட்டி வாங்கி, துடைத்துத் தீட்டி நாலாயிரத்துக்கு விற்பவர்கள் இருக்கிறார்கள். சட்டம் இதைத் தடுக்காது. ஆனால் அந்தக் கத்தி ஒரு குடும்பத்திற்கு இரண்டு மூன்று தலைமுறை சோறு போட்ட கருவி. மேலும், அந்தப் பெரியவரிடம் இருப்பது கத்தி மட்டுமல்ல. அதைத் தீட்டும் கைப்பழக்கமும் இருக்கிறது. தீட்டத் தெரிந்த ஆள் கிடைப்பது கத்தியைவிட அரிது. கொள்முதல் விலையில் அவரை ஏமாற்றிவிட்டு, மறுவாரம் தீட்டும் வேலைக்கு அவரிடமே போய் நிற்க முடியாது. விற்கும் விலை இவ்வளவு இருக்கும், சீர்செய்யும் செலவு இவ்வளவு என்று வெளிப்படையாகச் சொல்லி, பங்கு பேசி வாங்குவதே முறை. விற்கக் கொடுத்துவைக்கும் ஏற்பாடாக, விற்றபின் கணக்குத் தீர்ப்பதும் உண்டு. இதனால் நம் முதலும் முடங்காது.

சட்டம் சொல்வது

பழைய கத்தியை வெளிநாட்டிலிருந்து மொத்தமாக இறக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். நம் வெளிநாட்டு வர்த்தகக் கொள்கைப்படி, மூலதனப் பொருள் அல்லாத பயன்படுத்திய சரக்கின் இறக்குமதி கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது, முன்அனுமதி வேண்டும். பழையதை "புதியது" என்று எழுதிக் கொண்டுவரும் யோசனைக்கு யாரும் காது கொடுக்க வேண்டாம். புதுச் சரக்கு இறக்குவதற்கு இறக்குமதி-ஏற்றுமதிக் குறியீட்டு எண் அவசியம். பெட்டியில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, எந்த நாட்டுச் சரக்கு, அதிகபட்ச சில்லறை விலை ஆகியவை 2011-ஆம் ஆண்டுப் பொட்டலப் பொருள் விதிகளின்படி இருந்தாக வேண்டும். சியால்கோட் சரக்கு என்று இன்னமும் யாராவது மாதிரி காட்டினால், பாகிஸ்தானிலிருந்து எந்தப் பொருளும் வரக்கூடாது என்று 2025 மே மாதத்தில் தடை போடப்பட்டதை நினைவில் கொள்ள வேண்டும். வேறு நாடு வழியாகச் சுற்றி வந்தாலும் தடை தடைதான்.

பழைய கத்திகளில் தந்தப் பிடி, ஆமையோட்டுப் பிடி போட்டவை உண்டு. பார்க்க அழகு. தந்த வியாபாரம் நம் நாட்டில் முழுவதும் தடை செய்யப்பட்டது. 1986 திருத்தத்தில் இந்திய யானைத் தந்தமும், 1991 திருத்தத்தில் ஆப்பிரிக்கத் தந்தமும் அதில் அடங்கின. "தாத்தா காலத்தது" என்பது விற்பனைக்குச் சமாதானமாகாது. அப்படி ஒன்று வந்தால் தொடாமல் திருப்பி அனுப்பிவிடுவது நல்லது.

பொய்யான ஊர்ப்பெயர் பொறித்த சரக்கை விற்பதும் விளையாட்டல்ல. 1999-ஆம் ஆண்டு வர்த்தகக் குறிச் சட்டப்படி ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறைத் தண்டனைக்கு இடமுண்டு. நியாயமான எச்சரிக்கையோடு வாங்கினோம், சந்தேகப்படக் காரணம் இல்லை, யாரிடம் வாங்கினோம் என்ற விவரம் இதோ என்று காட்ட முடிந்தவருக்கு அச்சட்டமே பாதுகாப்பும் தருகிறது. பில் இல்லாமல் பையில் கொண்டுவந்து கொட்டும் ஆளிடம் வாங்கியவருக்கு அந்தப் பாதுகாப்பு ஏது?

யாருக்கு எதை விற்பது?

சலூன் நடத்துபவர் கேட்டால், பிளேடு மாற்றும் பிடிக்கத்தியையே கொடுக்க வேண்டும். மஞ்சள்காமாலை பி வகைக் கிருமி உடலுக்கு வெளியே ஏழு நாள் வரை உயிரோடு இருக்கும். டெட்டால் தண்ணீரில் முக்கி எடுப்பது போதாது. நிலைத்த அலகுக் கத்தி, ஒருவர் தம் முகத்திற்கு மட்டும் வைத்துக்கொள்ளும் கருவி. இதை வாங்குபவரிடம் வாய்விட்டுச் சொல்வது கடைக்காரர் கடமை. வீட்டில் அண்ணன் தம்பி இருவர் பகிர்ந்துகொள்வதற்கும் இது பொருந்தும். பிடிக்கத்தியிலும் தரபேதம் உண்டு: பிளேடு அசையாமல் இறுகுகிறதா, செருகும் வாய் இரு பக்கமும் சமமாகத் தெரிகிறதா என்று ஒரு பிளேடைச் செருகிப் பார்த்தே டஜன் எடுக்க வேண்டும்.

நிலைத்த அலகுக் கத்தியைத் தனியாக விற்கவே கூடாது என்பது நம் கருத்து. தோல்வார் இல்லாத கத்தி, திரி இல்லாத விளக்கு. ஒவ்வொரு சவரத்திற்கும் முன்பு முதுகு முன்னே செல்ல வாரில் இழுக்க வேண்டும். வாய் முன்னே சென்றால் வாரும் போச்சு, கூரும் போச்சு. கல்லில் தீட்டுவது சில மாதங்களுக்கு ஒருமுறை போதும். ஆலையிலிருந்து வரும் புதுக் கத்திகூடப் பலவேளைகளில் முகத்தில் வைக்கும் கூரோடு வருவதில்லை. ஆகவே தீட்டிக் கொடுத்த கத்தி, தீட்டாத கத்தி என்று பில்லிலேயே பிரித்து எழுதி, அதற்கேற்ற விலை வாங்கலாம். முதல் மறுதீட்டு இலவசம் என்று சொன்னால் வாடிக்கையாளர் நிச்சயம் திரும்ப வருவார். வரும்போது வெறுங்கையோடு போகமாட்டார்.

இருப்பு வைக்கும் முறையிலும் கவனம் தேவை. சென்னை, நாகை, தூத்துக்குடி போன்ற கடற்கரை ஊர்களில் கரி உருக்குக் கத்தி மழைக்காலத்தில் சில நாட்களிலேயே துருப்பிடித்துவிடும். தேங்காய் எண்ணெய் நாளடைவில் சிக்குப் பிடிக்கும். தையல் மிஷின் எண்ணெய் மேல். மெல்லத் தடவி, எண்ணெய்த் தாளில் சுற்றி, அரிசி டப்பா போல் இறுக மூடும் டப்பாவில் வைக்கலாம். வெல்வெட் பெட்டியும் தோலுறையும் காட்சிக்கு மட்டும். அவை ஈரத்தை உறிஞ்சி அலகோடு ஒட்டவைக்கும். மாதம் ஒருமுறை எடுத்துத் துடைத்து மறுபடி எண்ணெயிட ஒரு பையனை நியமித்து, தேதியை டப்பா மூடியிலேயே எழுதிவரச் சொல்ல வேண்டும். துடைக்கும்போது துணி முதுகிலிருந்து வாய் நோக்கிப் போக வேண்டும் என்பதை முதல் நாளே அவனுக்குக் காட்டிவிடுவது நல்லது.